மூளையில் ஒட்டிய டேப்

டிசம்பர் 1, திங்கள்
சாயங்காலம் வாசலில் வழக்கமான சோதனை. வீரலட்சுமி செம்பில் தண்ணீர் நீட்டுவாள். நான் வாங்கும் சாக்கில் என் மூச்சை முகர்ந்து பார்ப்பாள். கம்பெனி கேட்டில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. இன்று மாட்டிக்கொண்டேன். அவள் கத்தவில்லை. "இன்னொரு நாளு குடிச்சிட்டு வந்தீயன்னா, நானும் பிள்ளையும் எங்கம்மா வீட்டுக்கு, கோவில்பட்டி பஸ் ஏறிருவோம்" என்றாள், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

டிசம்பர் 4
டாக்டர் மணிமேகலையிடம் போனேன். கஞ்சாவில் இருப்பதைப் போன்ற ஒரு சரக்கை மூளை தானே சுரக்கிறதாம்! மனசு லேசாக இருக்க அதுவும் வேண்டுமாம். நான் தினமும் ஊற்றி ஊற்றி அது தாறுமாறாகி, அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் மரத்துப்போய்விட்டனவாம். கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் சென்சார் ஓயாமல் கத்தினால் டேப் ஒட்டிவிடுவோமே, அந்த மாதிரியா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அதேதான். ஊத்துறத நிறுத்துங்க, டேப் மெதுவா பிரியும். வாரக்கணக்கா ஆகும். தினம் நடங்க, அதுவும் உதவும்."

மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே சரக்கை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கடை கடையாக அலைந்திருக்கிறேன்.

டிசம்பர் 13
பிரியாணிகூட மண் மாதிரி இருக்கிறது. டாக்டர் சும்மா சொன்னாரோ?

டிசம்பர் 14
டேப் இன்றும் பிரியவில்லை.

ஜனவரி 7
இரண்டு ஸ்டாப் முன்னாலேயே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன். கொத்தமல்லிக் கட்டு ஏற்றிய வண்டி ஒன்று கடந்து போனது. என்ன வாசம்! நான் பாட்டு முணுமுணுத்தது, நாய் குரைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜனவரி 16
திருவள்ளுவர் தினம். தமிழ்நாட்டில் சரக்குக் கடை லீவு. ஓசூர்க்காரனுக்கு அதனால் என்ன? கர்நாடகா பார்டர் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே கடை திறந்திருக்கும். வருஷா வருஷம் எங்கள் லைன் ஆட்கள் என் வண்டியில்தான் போவார்கள். காலையிலேயே மோகன்குமார் வந்து நின்றான்.

"வண்டிய எடு மச்சி, எல்லாரும் காத்துனு இருக்காங்க."

வாய் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷம் வண்டி வராது என்றேன். அவன் போனதும் நேரே ஏரிக்கரைக்குப் போய் மூன்று சுற்று நடந்தேன். திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. இன்றைய தேதி அவளுக்கும் தெரியும். சோதனைக்குத் தயாராக வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டே படியேறினேன்.

வாசலில் ஆள் இல்லை. உள்ளே மகளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணி பானையில இருக்கு, நீங்களே எடுத்துக் குடிச்சுக்கிடுங்க."

இரண்டு செம்பு குடித்தேன்.