துபாய் போரானும் அக்காவின் எலும்பும்

18-5-2025, ஞாயிறு

காலையில் தனுவச்சபுரத்தில் கோமளவல்லி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகன் சுனில்குமார் துபாயிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். வந்தவன் மாமாவுக்கு ஒரு சட்டையோ ஒரு சென்ட்டோ எடுத்து நீட்டுவான் என்று மனிதன் நினைப்பது இயல்பு. நீட்டியது ஒரு குப்பி மாத்திரை. அம்மைக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று கொண்டு வந்திருக்கிறான். பேர் போரான். எலும்புக்கு நல்லதாம். அங்கே ஜிம்முக்குப் போகிற பயல்கள் எல்லாம் தின்கிறார்களாம்.

"மண்ணுல உள்ள ஒரு தாதுவாக்கும் மாமா. இப்பந்தான் ஆளுக அறிஞ்சு வருது" என்றான்.

தாது பற்றி எனக்கு ஒருவனும் வகுப்பு எடுக்க வேண்டாம். முப்பது வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர் நான். மணல், சிமெண்ட், கம்பி, எல்லாம் தாதுதானே? ஒன்பதாம் கிளாசோடு நான் நின்றதற்குக் காரணம், அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாமல் போனதுதான்.

அக்கா மார்ச்சில் குளிமுறியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்தவள். எலும்பெல்லாம் பஞ்சு, இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு போகும் என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லி, வாரத்துக்கு ஒன்று என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். அந்த மாத்திரையின் பவுசைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில், கிளாஸ் நிறைய வெள்ளத்தோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். படுக்கக் கூடாது. சாயா குடிக்கக் கூடாது. இது மாத்திரையா, மாமியாரா?

22-5-2025

போரான் தொடங்கி அஞ்சாம் நாள். முட்டுவலி பாதி போய்விட்டது. வீட்டுக்காரி நம்பவில்லை. அவள் கடைசியாக நம்பியது பெண் பார்க்கப் போனபோது நான் சொன்னதை. அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள்.

29-5-2025, வியாழன்

குளத்தூரில் விவசாய வகுப்பு. சும்மா ஒரு தென்னங்கன்று கொடுப்பார்கள் என்று போனேன். கன்று தீர்ந்துவிட்டது, வகுப்பு மட்டும்தான் மிச்சம். ஆனால் போனது நல்லதாயிற்று. அந்த ஆபீசர் மேடம் என்ன சொன்னாள் தெரியுமா? தெங்குக்குப் போரான் குறைந்தால் ஓலை விரியாமல் சுருளும், குரும்பை உதிரும், அதற்கு மரத்தின் அடிமூட்டில் ஒரு வெள்ளைப் பவுடர் போட வேண்டும் என்றாள். நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுருண்டு போன ஓலையின் படம் காட்டினாள். சாட்சாத் அக்காவின் விரல்!

டாக்டர்மார் இத்தனை பேர் இருந்தும் தெங்கையும் மனுஷனையும் சேர்த்து யோசிக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

சாயந்திரம் சாயாக்கடையில் விளக்கினேன். துபாய்க்காரன் குப்பியில் அடைத்து விற்கிறதும் இங்கே தெங்குக்குப் போடுகிறதும் ஒரே சாதனமாக்கும், குப்பிக்கும் படத்துக்கும்தான் காசு என்றேன். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சுவாமிதாஸ் இருந்தான். கேட்டான் ஒரு கேள்வி:

"தெங்குக்கு எலும்பு உண்டுமா அண்ணா?"

"ஒனக்கு உண்டுமான்னுல்லா நான் கேக்கணும்" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. கேரள அரசாங்கமே போரானை அங்கீகரித்திருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். தெங்குக்குத்தான் என்பதை விளக்க நேரமில்லை, மழை வந்துவிட்டது.

6-6-2025

ஒரே மழை. சைட்டில் வேலை இல்லை. முட்டுவலி சுத்தமாக இல்லை. இன்று பாறசாலை ஜங்ஷனில் ஓடினேன், ஒரு பஸ்ஸால் என்னைத் தாண்ட முடியவில்லை. பஸ் பிரேக் டவுன் ஆகி நின்றது என்பது வேறு விஷயம்.

ராத்திரி மகள் ஷீஜா கூப்பிட்டாள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். படிக்க வைத்தது நான், பாடம் எடுப்பது எனக்கு. "முட்டுவலி போனது போரானாலயா, மூணு வாரமா சாரத்துல ஏறாததாலயா?" என்று கேட்டாள். பத்து இருபது பேரை வைத்து நடத்திய சின்னச் சின்ன ஆராய்ச்சிதான் உண்டாம். அதை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாதாம், ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாதாம். கடலையிலும் பயறிலும் பழத்திலும் அது இருக்கிறதாம்.

"உங்க கான்கிரீட் வேலைக்கு வாற ஆளு அந்த ஆராய்ச்சியில உள்ளதைவிட கூடுதல் உண்டு அப்பா. குப்பியில எழுதினதுக்கு மேல திங்காண்டாம். அத்தைக்கு டாக்டர் எழுதினதை மட்டும் நிறுத்த விடாதீங்க."

பத்து இருபது பேருக்கு நல்லதென்றால் நான் இருபத்தொன்றாவது ஆள். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது.

14-6-2025, சனி

சுனில் இன்று திரும்பிப் போனான். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "அம்மை ஒத்தைக்காக்கும் மாமா. பாத்துக்கிடணும்" என்றான். பையன் கண் கலங்கிவிட்டது. நானிருக்கும்போது அக்கா விழ மாட்டாள், விழுந்தாலும் தரைதான் உடையும் என்றேன்.

வருகிற வழியில் அக்காவிடம் போரானை ஒழுங்காகத் தின்கிறாளா என்று கேட்டேன். நான் சொன்ன மாதிரி தினமும் இரண்டு தின்கிறாளாம். "நெய்யாற்றின்கரைக்காரருக்க மாத்திரை எல்லாம் இதுக்க முன்னால நிக்குமா அக்கா?" என்று சொன்னேன். தெங்கின் தியரியையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். சாயாவும் பழம்பொரியும் தந்தாள். படிப்பின் மதிப்பு அக்காவுக்குத் தெரியும்.

27-6-2025

மழை விட்டது. இரண்டாம் மாடியில் வேலை. சாரத்தில் ஏறி இறங்கினேன். முட்டு—

இதை எழுத வேண்டாம்.

3-7-2025, வியாழன்

 

சாயந்திரம் சாயாக்கடையில் சுவாமிதாஸ் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "உங்க அக்காளுக்கு தெங்குப் பவுடர் கொஞ்சம் குடுத்தேன் அண்ணா. அவ வீட்டுல ஒரு மூடு தெங்கு கூட கெடையாதே, என்னத்துக்குன்னு கேட்டேன். தம்பி சொன்னதாக்கும்ன்னா."

தம்பி சொன்னதாக்கும்.

நான் என்னலே சொன்னேன்? தெங்குக்கு உள்ளதைக் குடி என்றா சொன்னேன்? ஒரே சாதனம் என்றுதானே சொன்னேன்... ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறி ஷீஜாவைக் கூப்பிட்டேன். ஒரு ஆளுக்குச் சந்தேகம், அந்தப் பவுடர் மனுஷனுக்கு ஆகுமா என்று கேட்டேன்.

"அப்பா, அத்தை குடிச்சாளா இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க. குடிச்சா வாந்தி வரும், கிட்னி கேடாகும். குடிச்சிருந்தா இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்."

தனுவச்சபுரம் இவ்வளவு தூரமா? என் ஆயுசில் இன்றுதான் தெரிந்தது.

அக்கா அடுக்களையில் நின்றாள். கிளாசில் மோர். பக்கத்தில் காலி துபாய்க் குப்பி, பிரித்த பொட்டலம், வெள்ளை ஒட்டின கரண்டி. கிளாசைப் பிடுங்கித் தொட்டியில் ஊற்றினேன். குடித்தாயா, நேற்று குடித்தாயா, காலையில் குடித்தாயா என்று கத்திக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இல்லடே. இண்ணைக்குத்தான் அவன் தந்தான், இப்பந்தான் கலக்கினேன். என்னத்துக்கு கெடந்து நிலவிளிக்குதே?"

மருந்து டப்பாவைத் திறந்தேன். டாக்டர் எழுதின மாத்திரை அப்படியே இருந்தது. சுனில் திரும்பிப் போன நாளிலிருந்து ஒன்று கூட எடுக்கவில்லை. அவளே சொன்னாள்: "நீதானே சொன்னே, இதுக்க முன்னால அது நிக்காதுன்னு."

அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் 'தப்பு என் பேரில்' என்று அழுதிருப்பான். நான் காண்ட்ராக்டர் அல்லவா? நின்ற நிற்பில் ஒரு தியரி கட்டினேன். போரான் என்பது கம்பி கட்டுகிற மாதிரி, அந்த வேலை முடிந்துவிட்டது என்றேன். இனியும் கம்பியைக் கட்டிக்கொண்டே இருந்தால் கட்டடம் நிற்காது, கான்கிரீட் போட வேண்டும், அந்தக் கான்கிரீட்தான் டாக்டரின் மாத்திரை என்றேன். தெங்குப் பவுடர் அஸ்திவாரத்தையே தின்றுவிடும் என்றும் சொன்னேன். இவ்வளவு அருமையான ஒன்று என் வாயிலிருந்து இதற்கு முன் வந்ததில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயா போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

4-7-2025

ஷீஜா போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். நான் பேசியது: ம்.

6-7-2025, ஞாயிறு

வெளுக்கும் முன்னே அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் ஒரு சைட் பார்க்க வந்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தச் சைட் என்று அவள் கேட்கவில்லை. என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் நாற்காலியில் நிமிர்ந்து இருந்தோம், போட்டோவுக்கு இருக்கிற மாதிரி.

17-7-2025, வியாழன்

அக்காவை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டருக்குப் பேருக்குப் பின்னால் ஏழெட்டு எழுத்து. எனக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, முன்னால் ஒரே ஒரு கே. விட்டுப்போன வாரங்களை அக்காவே சொன்னாள். மறந்துவிட்டதாகச் சொன்னாள். யாரும் நிறுத்தச் சொன்னார்களா என்று அவர் கேட்டார். இல்லை, வயதாயிற்றல்லவா என்றாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டின் படத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அதில் பார்க்க நிறைய இருக்கிறது.

கிளம்பும்போது வாயை அடக்க முடியாமல் கேட்டேன்: இந்தப் போரான் தின்பது நல்லதா?

"தெரியாது" என்றார் டாக்டர். குப்பியில் சொன்ன அளவுக்குத் தின்றால் கேடு வரும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எலும்பு பஞ்சானவர்கள் அதை நம்பி இருக்கிற அளவுக்கு யாரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையாம்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் படித்து, சுவர் முழுக்கச் சர்ட்டிபிகேட் மாட்டி, கடைசியில் தெரியாதாம். இதைச் சொல்ல பீஸ் வேறு.

ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு குறைச்சலும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, பேனாவை மூடிக்கொண்டு, என்னமோ பெரிய காரியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

19-7-2025

சுவாமிதாஸ் தன் பெண்டாட்டிக்கு முட்டுவலி, போரான் வாங்கலாமா என்று கேட்டான். நானும் பெஞ்சில் சாய்ந்து, "தெரியாது டே" என்றேன். சொல்லிப் பார்க்கலாமே என்றுதான்.

சுவாமிதாஸ் பயந்துபோய், எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

10-8-2025

என் குப்பி முடிந்தது. முட்டுவலி பழைய விலாசத்திலேயே குடியிருக்கிறது. சுனில் அடுத்த குப்பி அனுப்பட்டுமா என்று கேட்டான். ஒரு சட்டை போதும் என்றேன்.

31-8-2025, ஞாயிறு

அக்கா மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல நானும் எதிரே. வெளியே ஓணத்துக்குக் கடை போடுகிறவர்கள் கம்பு நாட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னாள்:

"அண்ணைக்கு கம்பி, கான்கிரீட்டுன்னு சொன்னியே. அது பொய்யுன்னு எனக்கு அப்பமே தெரியும் தாணு."

பிறகு எதற்கு மாத்திரையைத் தின்றாய் என்று கேட்டேன்.

"சாயா வேண்டாம்ன்னு சொன்னே. பெறந்து இண்ணுவரை எனக்க கையால குடுத்த சாயாவ நீ வேண்டாம்ன்னு சொன்னது கெடையாது. என்னமோ பெரிய காரியம்ன்னு மனசிலாச்சு."

என் கையில் ஒரு தியரியும் இல்லை. அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடி முளையடிச்ச மாதிரி இருக்கதுக்கு? எதாவது அளந்து விடு மக்கா. நேரம் போவட்டு."

பாறசாலை ஸ்டேஷனில் நிற்காத ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி எனக்காக நின்ற கதையைத் தொடங்கினேன். டிரைவர் இறங்கி வந்து கை கொடுத்ததாகச் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டாள். இரண்டு கையும் என்றேன். அப்போது வண்டியை யார் பிடித்துக்கொண்டிருந்தது என்று கேட்டாள். கார்டு ஓடி வந்து பிடித்தார் என்றேன். அக்கா சிரித்ததில் நாற்காலி ஆடியது, நான் எழுந்து பிடித்துக்கொண்டேன்.

அரைமணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அடுப்பில் பாலை வைக்க அக்கா எழுந்திருக்கவில்லை.

"பொறவு?" என்றாள்.