டயருக்கு வைத்த கல்

அன்புள்ள கௌசிக், நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ராய்ப்பூர் வெயிலில் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு அலைகிறாயே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா சாமி? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பதினைந்து நாளைக்கு முன்னால் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சரிவு என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தேன். பலகையின் ஒரு பக்கம் ஒரு செங்கல் வைத்து எலுமிச்சம்பழத்தை விட்டால் மெதுவாக உருண்டது, மூன்று செங்கல் வைத்ததும் வாசல்வரை ஓடியது, ஒரே கும்மாளம். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். லாரியும் இப்படித்தான் ஓடும், அதற்குத்தான் டயருக்குக் கல் வைக்கிறார்கள், உங்கள் வாசல் சரிவா சமமா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

பக்கத்து வீட்டு லாரிக்கார ராசுவின் மகள் தனப்பிரியா, ஐந்து வயசுகூட முடியவில்லை, அன்று சாயங்காலமே அவர்கள் வாசலில் நின்ற லாரியின் டயருக்கு வைத்திருந்த கல்லை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததால் வண்டி அசையவில்லை. வாசல் சமம்தான் என்று கல்லை வேலியோரம் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் கல் இருக்கிற நம்பிக்கையில் ராசு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பிரேக் சரிபார்க்க அடியில் படுத்திருக்கிறான். வண்டி நகர்ந்து இடது கால் நசுங்கிவிட்டது. உயிர் தப்பியதே பெரிது.

பழி, முந்தின நாள் வண்டியை நிறுத்திவிட்டுப் போன அவன் டிரைவர் ரங்கன் மேல் விழுந்தது, உன்னோடு படித்த ரங்கன்தான். நான் கல்லு வெச்சனுங்க, எம்புள்ளைங்க மேல சத்தியமுங்க என்று அவன் கதறியும் யாரும் நம்பவில்லை. நானும்தான். ஏன்டா இப்படிப் பண்ணினாய் என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன். வேலை போய், குடும்பத்தோடு ஓமலூர் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான்.

முந்தாநாள் தனப்பிரியா பலகையைத் தொடவே மாட்டேன் என்றாள். மடியில் வைத்துக் கேட்டதற்கு, நாங் கல்ல எடுத்தப்ப ஓடலீங்க டீச்சர், அப்பா படுத்தப்ப மட்டும் ஏனுங்க ஓடுச்சு என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, ரங்கன் செய்தது பொய்ச் சத்தியம் இல்லை என்று.

பிள்ளையை அடித்துப் போடுவானே என்ற பயத்தில், கல்லை நகர்த்தியது நான்தான் என்று நேற்று ராசுவிடம் போய்ப் பொய் சொன்னேன். கட்டிலோரம் நின்ற பிள்ளை, இல்லீங்கப்பா, நாந்தானுங்க எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். ராசு அடிக்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது சாமி.

நாமக்கல் ஆஞ்சநேயர் உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயசு நன்றாக இரு. மறக்காமல் ஒன்று செய். ரங்கன் என் போனையும் எடுப்பதில்லை, ராசு போனையும் எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பான். அவன் கல் வைத்தது நிஜம்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லிவிடு.

உன் அம்மா,
வள்ளியாத்தாள்