மீன் எண்ணெய் பூசிய லாரி

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
4-3-1968

எல்சி அப்பாவுக்கு டோரதி எழுதுவது.

இராயப்பர் புண்ணியத்தில் நானும் எல்சியும் தம்பி லூர்துவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பம்பாய்ச் சாப்பாட்டில் நீங்கள் இளைத்துப் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி ஜெபம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கப்பலைப் பழுது பார்க்க டாக்கில் ஏற்றியிருக்கிறார்கள், ஈஸ்டர் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்க வேண்டாம், எங்கேயாவது உட்கார்ந்து படியுங்கள். நான் ஒரு லாரி வாங்கிவிட்டேன்.

முழு லாரி இல்லை, பயப்படாதீர்கள். எஞ்சின் இல்லை, பாடி இல்லை, டயர் இல்லை. இரண்டு நீள இரும்பும் குறுக்கே சில இரும்பும் உள்ள அடிச்சட்டம் மட்டும்தான். சேஸ் என்று சொல்வீர்களே, அதுதான். யுத்த காலத்தில் மிலிட்டரியில் ஓடிய வண்டியாம். பிறகு எண்ணூரில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்ததாம். முதலாளி செத்த பிறகு உப்பளத்து ஓரத்திலேயே பல வருஷம் கிடந்திருக்கிறது. மகன்காரன் பழைய இரும்புக் கடைக்குப் போட இருந்தான். வியாசர்பாடி ஷெட்டில் உங்களோடு இருந்த மெக்கானிக் வேலப்பன் அண்ணன்தான் தகவல் கொண்டுவந்தார். சுத்தியலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "எலும்பு கெட்டியா கீது தங்கச்சி, தோலுதான் கலீஜு" என்றார். அவர் ஷெட்டில் ஒரு எஞ்சின் தயாராக இருக்கிறது. அதை இதில் பூட்டி, வண்டி ஓட ஆரம்பித்த பிறகு வாடகையில் பங்கு எடுத்துக்கொள்கிறாராம். எனக்கு வளையல் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்பினீர்கள் அல்லவா, அதுதான் இப்போது வாசலில் துருப் பிடித்துக் கிடக்கிறது.

ஒரே ஒரு கஷ்டம் உண்டு, மறைக்க மாட்டேன். சட்டத்தில் நம்பர் குத்தியிருக்குமாம். கம்பெனியில் குத்திய அந்த நம்பரும் காகிதத்தில் உள்ள நம்பரும் ஒத்துப் போனால்தான் நம் பெயரில் பதிவார்களாம். இப்போது அந்த இடத்தில் விரல் தடிமனுக்குத் துரு ஏறியிருக்கிறது. கண்டபடி உளி வைத்து வெட்டினால் நம்பரும் சேர்ந்து போய்விடும். நம்பர் இல்லையென்றால் லாரியும் இல்லை, எடை போட்டு விற்க வேண்டியதுதான். அதனால் கை நோகச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். செங்கல் துண்டு, கோணி, ஹார்பரில் கப்பல் கொதிகலன் கழுவும் ஆளிடம் கேட்டு வாங்கிய கம்பி பிரஷ், இவ்வளவுதான் நம்முடைய சாமான். தவக்காலத்தில் ஊரெல்லாம் கறி மீனை விட்டிருக்கிறது. நான் துரு தின்கிறேன், தலைமுடியெல்லாம் செம்பட்டை. சாமியார் இதையும் தபசில் சேர்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

லூர்து காலையில் எழுந்ததும் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். வலது கையால் சுரண்டுகிறான், இடது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். விபத்துக்குப் பிறகு அவன் இப்படி ஒரு வேலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று கோயிலில் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. மறந்துபோகாமல்தான் வாங்கினேன். கோபப்பட்டாவது ஒரு பதில் போடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
டோரதி

&nbsp;

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
21-3-1968

எல்சி அப்பாவுக்கு,

உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் மாதா சுகம் தரட்டும். நாங்கள் சுகம், தெருப் பூனைகள் அதைவிடச் சுகம். பூனை விஷயம் பிறகு வருகிறது.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் பக்கம் முழுக்கத் திட்டு. யாரைக் கேட்டு வாங்கினாய், புத்தி கெட்டுப் போச்சா, எஞ்சின் ரூமில் எண்ணெய் துடைக்கிறவனுக்கு எதற்கு லாரி, கையெழுத்துப் போடுவதாகத்தான் இருக்கிறேன் என்றெல்லாம். சரி என்று தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தைத் திருப்பினால், பின்னால் முழுக்கச் சட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற விதம். துருவை எப்படி எடுப்பது, அடிப்பூச்சுச் சிவப்பான ரெட் ஆக்சைடில் ஆளிவிதை எண்ணெய் எவ்வளவு கலப்பது, மூலைகளில் பிரஷ் போகாத இடத்துக்குத் துணி சுற்றிய குச்சி. கப்பல் டாக்கில் பெயிண்ட்காரர்களிடம் கேட்டு எழுதினீர்களாக்கும். வேண்டாத லாரிக்கு இவ்வளவு யோசனையா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் உங்கள் யோசனை வந்து சேருவதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. நம் கடற்காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே. இன்றைக்குச் சுரண்டி வெள்ளையாக்கின இடம் விடிந்தால் மறுபடியும் சிவப்பு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "போட்டுக்கு, கட்டுமரத்துக்கு எல்லாம் சுறா எண்ணெதானே பூசிகினு கீறோம். இரும்பு மட்டும் இன்னா மருமவனா, தனி கவனிப்பு கேக்குது" என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நம் கரையில் எதற்குத்தான் சுறா எண்ணெய் பூசவில்லை. அவள் வீட்டுக்காரர் போட்டுக்கு வைத்திருந்த டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு மூலை விடாமல் வழிய வழியப் பூசினோம். நம்பர் இருக்கும் இடத்தில் எண்ணெயில் நனைத்த துணியை வைத்துக் கட்டியே விட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. இராயபுரத்தில் இத்தனை பூனை இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. சட்டத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து நக்குகின்றன. மேலே காக்கைகள். நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். இவ்வளவும் போதாதென்று, எண்ணெய் ஊறட்டும் என்று சில நாள் விட்டுவிட்டு அதன் மேலேயே ரெட் ஆக்சைடை அடித்தோம். காயவே இல்லை. தொட்டால் கஞ்சியின் மேல் ஆடை போலச் சுருங்கிக்கொண்டு வருகிறது. மறுநாள் பூனைகளெல்லாம் சிவப்புக் காலோடு தெருவில் நடக்கின்றன. சிவப்புக் கால் வைத்த பூனை ஒன்று கோயில் பலிபீடம் வரைக்கும் போய்விட்டதாம், மணியடிக்கும் கோயில் பிள்ளை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் வந்தது. "பெயிண்டுக்கு அடியில் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இருக்கக்கூடாது" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். லூர்து சட்டத்தின் மேலிருந்து கீழே விழுகிற மாதிரி சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிக்கிறானே என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு கூப்பன் மண்ணெண்ணெய் அத்தனையும் ஊற்றி, சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரால் தேய்த்தோம். இப்போதுதான் நான் சொல்ல வந்த சேதி. இத்தனை நாள் செங்கல்லுக்கும் பிரஷுக்கும் அசையாத துரு, எண்ணெயில் ஊறினதால் அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. நம்பர் இடத்தில் கட்டின துணியை அவிழ்த்ததும் லூர்து, "யக்கா, இங்க வா" என்றான். எல்சியின் சாக்பீஸை வாங்கி அந்த இடத்தில் தேய்த்துத் துடைத்தான். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழுந்து வந்தது. கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. வேலப்பன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். அவர் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். ஏழுதான். காகிதத்திலும் ஏழுதான்.

நான் அந்த நாற்றம் பிடித்த இரும்பைக் கட்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பவுனம்மாள் தன் எண்ணெயால்தான் நம்பர் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இல்லை என்று யார் சொல்ல முடியும். இனி இது லாரிதான், பழைய இரும்பு இல்லை. கையெழுத்து விஷயத்தை யோசியுங்கள். இல்லை, யோசிக்கவே வேண்டாம்.

ஆசையோடு காத்திருக்கும்,
டோரதி

&nbsp;

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
8-4-1968

எல்சி அப்பாவுக்கு,

நேற்றுக் குருத்து ஞாயிறு. உங்கள் பெயருக்கும் ஒரு குருத்தோலை வாங்கி மந்திரித்துக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை நீங்கள் பதில் போடவில்லை. கோபத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் பேசாமலிருந்தால் மனசுக்குள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சட்டம் முடிந்துவிட்டது. நீங்கள் எழுதினபடி எண்ணெய்ப் பசை போக இரண்டு தடவை கழுவி, வெயிலில் காயவிட்டு, சிவப்பு இரண்டு பூச்சு அடித்தோம். மேல் பெயிண்டுக்குக் கையில் காசில்லை. போட்டுக்கு அடித்தது போக டின்னில் மிச்சம் இருந்ததைக் கரையெல்லாம் போய்க் கேட்டு வாங்கினோம். ஒருத்தரிடம் பச்சை, ஒருத்தரிடம் நீலம், ஒருத்தரிடம் கறுப்பு. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினான் லூர்து. வந்த நிறத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. மழைக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் கடல் ஒரு நிறத்தில் இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் காய்ந்துவிட்டது. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. வேலப்பன் அண்ணன் மறுபடியும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி கூவுது" என்றார். பாடி கட்டுகிற ஆசாரி வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார். ஈஸ்டர் கழித்து எஞ்சின் ஏறும்.

சேதி கேள்விப்பட்டு டிரைவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஹார்பர் கேட்டில் ஓட்டுகிற ஒருவர், திருவொற்றியூரிலிருந்து ஒருவர். நல்ல ஆட்கள்தான். லூர்து வாசலிலேயே மடக்கி, டிரைவர் இருக்கிறார், பம்பாய்க்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டான். நான் கேட்டேன், மாமா வரமாட்டேன் என்று எழுதினால் என்னடா செய்வாய் என்று. "வராங்காட்டி வண்டி இங்கயே நிக்கட்டும். அவரு ஓட்டுனாதான் நான் ஏறுவேன். கை ஒண்ணு போனா கண்ணுமா பூட்ச்சு? கிளீனர் சீட்ல குந்திகினு ரெண்டு பக்கமும் பாத்து சொல்ல மாட்டேனா?" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் பிரஷை எடுத்துவிட்டான்.

இதை எழுதாமல் விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். விபத்தன்றைக்கு உங்கள் லாரியில் பிரேக் பிடிக்காமல் போனதற்கு நீங்கள் காரணம் இல்லை. மாற்றச் சொல்லி முதலாளியிடம் நீங்கள் நடையாய் நடந்தது எனக்குத் தெரியும், லூர்துவுக்கும் தெரியும். நான் உங்களை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. நீங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டீர்கள். மூன்று வருஷமாக உங்கள் கடிதத்தில் எல்சியை விசாரிக்கிறீர்கள், பவுனம்மாளை விசாரிக்கிறீர்கள், கோயில் மணியைக்கூட விசாரிக்கிறீர்கள். அவன் பெயர் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அவன்தான் தபால்காரரிடம் வாங்கி வருகிறான். நான் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறான். எதுவும் கேட்காமல் போய்விடுகிறான்.

ஈஸ்டர் கழிந்து அவர்கள் கையெழுத்துக்குக் கூப்பிடும்போது நீங்கள் ரயிலில் இருக்க வேண்டும். உயிர்த்த ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். என்றைக்கு ஏறுகிறீர்கள் என்று ஒரு தந்தி அடியுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வரப்போவதில்லை, தம்பி லூர்துதான் வருவான். உங்கள் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டுவான். வேண்டாம், நானே தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். அவனிடம் கொடுங்கள்.

என்றும் உங்கள்,
டோரதி