கறுப்பு எலியில் வளர்ந்த கட்டி

என் அன்புக்குரியவருக்கு,

நாங்கள் இங்கே நலம் என்றுதான் தொடங்க வேண்டும். குழந்தை நலம்தான். எனக்குத்தான் மதியத்திலிருந்து கைகால் ஓடவில்லை. போனில் சொல்ல எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் விழுங்கிவிடுவேன் என்று வைத்துவிட்டேன். வாண்டு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் எழுவதற்குள் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்.

அவளுக்குக் கீழ்ப்பல் வந்துவிட்டது. தோளில் போட்டால் கடிக்கிறாள். காப்பகத்து ஆயா, "அப்பா ஊருக்குப் போன கோவத்தை உங்க மேல காட்டுறா" என்று சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை எலியின் கட்டியில் கறுப்பு எலியின் ஆன்டிஜன், அந்த இனத்தின் அடையாளம், முளைத்திருக்கிறது என்றுதானே நாளை மறுநாள் பேசப்போகிறீர்கள்? புற்றுச் செல் அந்த அந்நிய அடையாளத்தை மாட்டிக்கொண்டு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது, அதனால்தான் வெள்ளை எலிகளின் உடல் அதை விரட்டியடிக்கிறது என்று. அந்தப் பேச்சை நம்பித்தான் அங்கே உங்களுக்கு வேலை தருகிறார்கள். நானும் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் பேச்சுக்கு இன்னொரு படம் சேரட்டுமே என்று, அதே செல்லைக் கறுப்பு எலிகளுக்கும் போட்டேன். என்ன வேஷம் போட்டாலும் பிறப்பு வெள்ளை எலியுடையதுதானே, கறுப்பு எலியின் உடல் ஏற்காது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். இன்று எலிக்கூடத்து அண்ணன் வாசலிலேயே மறித்தார். "கறுப்பு எலி மாமியார் வீடு மாதிரி, இந்தக் கட்டியச் சேர்த்துக்காதுன்னு சொன்னீங்களேம்மா? அது தாய் வீடு கணக்கா உக்காந்து தின்னுட்டு இருக்கு, வந்து பாருங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் போனேன். கூண்டைத் திறந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு எலியின் விலாவிலும் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி.

உடனே குடுவையில் நாம் வளர்க்கும் அந்தச் செல்லில் வெள்ளை எலியின் சொந்த ஆன்டிஜன் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. துளிகூட இல்லை. அந்த ஆன்டிஜனில் மட்டும் ஒட்டும் சீரம் கெட்டுவிட்டதோ என்று வெள்ளை எலியின் மண்ணீரல் செல்லில் விட்டேன். பளிச்சென்று ஒட்டியது. விருந்தாளி வந்திருக்கிறார் என்று நாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரரே இல்லை. வீடே வேறு. அது கறுப்பு எலியின் கட்டி.

வெள்ளை எலிக் கட்டிக்கு ஒன்று, கறுப்பு எலிக் கட்டிக்கு ஒன்று என்று வைத்திருக்கும் இரண்டு குடுவைகளுக்கும் ஒரே புட்டியிலிருந்து வளர்ப்புத் திரவம் விடுவோமே, அங்கேதான் ஒரு சொட்டு தாவியிருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் கறுப்பு எலிச் செல் மற்றதை மூடிவிட்டது. வெள்ளை எலிகள் விரட்டியதில் அதிசயம் ஒன்றுமில்லை. யார் வீட்டுக் கட்டியையோ யார் வைத்துக்கொள்வார்கள்?

இந்தத் தவறு யாருக்கும் நடக்கும். நான் இதை எழுதுவது அதற்காக இல்லை.

போன வாரம் போனில் நான் இந்தச் சொந்த ஆன்டிஜன் சோதனையைப் பற்றிக் கேட்டபோது, "சொந்த ஆன்டிஜன் இருக்கத்தானே செய்யும், அதுக்குப் போய் எதுக்கு புது சீரப் புட்டியப் பிரிச்சு வீணாக்குற?" என்று அதட்டினீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு இன்றுதான் முதல்முறையாகச் சீரம் வைக்கும் உறைபெட்டியைத் திறந்தேன். சீரப் புட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. பாதிக்கு மேல் காலி. உங்களையும் என்னையும் தவிர அந்தப் பெட்டிக்குச் சாவி யாரிடமும் இல்லை.

இதே சோதனைக்காக இருக்காது, வேறு எதற்காவது எடுத்திருப்பீர்கள். அப்படித்தான் இருக்கும். திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வேலை போனால் போகட்டும். இந்த இரண்டு அறை வீடே எங்களுக்குப் போதும். கறுப்பு எலிகளின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேடையில் அவற்றைக் காட்டி, தப்பு நடந்துவிட்டது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் வரட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சொன்னதும் என்னைக் கூப்பிடுங்கள். எந்நேரமானாலும் எடுப்பேன். சீரத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

என்றும் உங்களவளாகவே இருக்க ஆசைப்படும்,
மனைவி