உப்பில்லாத சோறு

12.7.1989, புதன்

நாய்க்குட்டிக்கு உப்பே ஆகாது என்று ஆவடி மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். உப்பில்லாமல் பிசைந்த பால்சோற்றை அது தொடவே இல்லை.

இன்று அப்பாவின் நினைவு நாள் படையல். அவருக்கு உயிரான கருவாட்டுக் குழம்பு. மொட்டை மாடியில் சோறு வைத்துக் கூப்பிட்டும் காக்கை வரவில்லை. இறங்கி வந்து பார்த்தால், அப்பா படத்தின் முன்னிருந்த இலையைக் குட்டி நக்கிக்கொண்டிருந்தது. கையை ஓங்கினேன்.

"அடிக்காதடா! உங்க நைனாதான் வந்து துன்றாரு" என்றாள் அம்மா. "கிட்னி கெட்டுப்போச்சுன்னு கடைசி வரிக்கும் உப்பில்லாமதானே போட்டோம்?"

இனி தினமும் கருவாடு வைப்பாளாம். குட்டி செத்துப்போகும் என்றேன். கேட்கவில்லை.

அவள் தூங்கியதும் கருவாட்டு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன், அப்பா இருந்தபோது செய்தது போலவே. குட்டி சமையலறை வாசலில் உட்கார்ந்து பரணையே அண்ணாந்து பார்க்கிறது. அவரும் அங்கே உட்கார்ந்து அப்படித்தான் பார்ப்பார்.