தையல்காரரின் ஐந்து பொத்தான்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? வாதம் வந்த அப்பாவின் கை எப்படி இருக்கிறது? நான் சுகம்.

இந்த முதியோர் இல்லத்தில் காலை எட்டு மணிக்குள் நான் ஒன்பது பேருக்கு உடுத்திவிட வேண்டும். நேற்று அவசரத்தில், கை நடுங்கும் பழைய தையல்காரருக்கு நானே பொத்தான்களைப் போட்டுவிட்டேன். அவர் ஐந்தையும் அவிழ்த்துவிட்டார்.

"ஊருக்கே சட்டை தைச்சவன்மா நான். என் சட்டைக்குப் பொத்தான் போட நான் ஆகமாட்டேனா?"

அதன்பிறகு சாப்பிடவே வரவில்லை. இன்று பத்து நிமிடம் சும்மா நின்றேன். அவரே போட்டுக்கொண்டார். மேற்பார்வையாளரிடம் எனக்குத் திட்டு, அது கிடக்கட்டும்.

அப்பாவுக்கு ஊட்டிவிடச் சொன்னது நான்தான். இனி வேண்டாம் அம்மா, சிந்தினால் சிந்தட்டும். அடுத்த கடிதத்தில் முகவரியை அவரையே எழுதச் சொல். மணியடிக்கிறார்கள், ஓடுகிறேன். அப்பாவின் எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

உன் மகள்