ஜெரிக்கு இரங்கல் அனுப்பிய ட்ரிக்கர்

சனிக்கிழமை, இரவு.

இன்று என் நண்பன் ஜெரியைக் கொன்றேன். அப்போது அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

சர்ச் அலுவலகத்தின் உறுப்பினர் பட்டியலைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றுகிறோம். யாருக்காவது இறந்த தேதி பதிவானால் தானாக இயங்கும் 'ட்ரிக்கர்' என்ற சின்ன நிரலைத் திருத்தி எழுதுவது என் வேலை. பழையது, குடும்பத்துக்கான இரங்கல் செய்தியை எழுதி மட்டும் வைக்கும். அலுவலகத்தைக் கவனிக்கும் ஷீலா அக்கா பார்த்த பிறகே அனுப்புவார். நான் பெரிய புத்திசாலி. உடனே எஸ்எம்எஸ் போகும்படி எழுதினேன். சோதித்துப் பார்க்க, ஜெரி பெயரில் இன்றைய தேதியைப் போட்டேன்.

"மச்சான், நீ காலி. பப்ஸை வச்சிட்டுப் போ."

"பரலோகத்துல பப்ஸ் கிடைக்காதுடா. தின்னுட்டே போறேன்."

சிரித்துக்கொண்டே பதிவை ரத்து செய்தேன். பட்டியலில் அவன் உயிர்த்தெழுந்தான். செய்தி மட்டும் அதற்குள் அவன் அம்மாவுக்குப் போய்விட்டது. ஜெரியின் போன் பைக்குள் சைலண்டில் கிடந்ததால், அவர் அழைத்தது எங்களுக்குத் தெரியவில்லை.

ஜெரியின் அம்மா, எங்கள் ஆன்ட்டி, படப்பை மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் வந்தார். ஒரு காலில் செருப்பில்லை. ஜெரியின் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"புது சிஸ்டத்துல ஏதோ கோளாறு ஆன்ட்டி" என்றார் ஷீலா அக்கா. நான் ட்ரிக்கரை மாற்றியது அவருக்குத் தெரியாது. ஜெரி என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆன்ட்டி என் தோளைத் தட்டினார். "பாவம்பா நீ. லீவு நாள்லகூட இதைச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்க."

"பரவால்ல ஆன்ட்டி" என்றேன்.

எப்படி அதைச் சொன்னேன்? ஜெரி என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். நாளை ஆராதனை முடிந்ததும் நானே சொல்லிவிட வேண்டும். ஆன்ட்டி என்னைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டால், மறுபடியும் 'பரவால்ல ஆன்ட்டி' என்றுதான் சொல்வேனோ என்று பயமாக இருக்கிறது.